மராத்திக் காக்கா இரண்டு தரம் சொன்ன கதை

சாய்ந்தமருதில் ஸைனுலாப்தீன் வீடு எது என்று கேட்டால் ஆளுக்கொரு பக்கம் கை காட்டுவார்கள். மராத்திக் காக்கா என்றால் வாசல் வரைக்கும் கூட்டிப்போய் விடுவார்கள். கல்முனைத் தியேட்டரில் இருபது வருடம் படம் ஓட்டியவர். சிங்களப் படம் ஓட்டி ஓட்டிச் சிங்களமும் பேசுவார். மராத்தியில் ஒரு சொல் தெரியாது. ஆனால் பம்பாய் வியாபாரி ஒருவர் கொடுத்ததென்று பழைய மராத்திப் பேசும்படச் சுருள் ஒன்றைத் தகரப் பெட்டியில் வைத்துக்கொண்டு, தேத்தண்ணிக் கடையில் எல்லாரையும் அறுத்துத் தள்ளுவார்.

"முப்பத்திரண்டாம் ஆண்டு மராத்திப் படம் பேசத் தொடங்கக்குள்ள டப்பிங் எண்டு ஒண்டும் இல்ல. ஒரே சீனை மராத்தியில ஒருக்கா, ஹிந்தியில ஒருக்கா நடிக்கணும். ரெண்டாந்தரமும் எப்பிடி அழுதிருப்பானுகள்?"

"பசியில அழுதிருப்பானுகள் காக்கா," என்பார் கடைக்காரர் காலிதீன். கடையே சிரிக்கும்.

சுனாமியில் காக்காவின் மனைவி ஆசியா உம்மா மௌத்தானார். பிடித்திருந்த கையை அலை பிடுங்கிக்கொண்டு போனது என்று ஊருக்கும் மகள் நதீராவுக்கும் சொன்னார். வாய் ஓயாத மனிதர், ஐந்து வருடமாக அதற்கு மேல் ஒரு சொல் சொல்லவில்லை.

யுத்தம் முடிந்த கையோடு கொழும்பிலிருந்து கமராவோடு ஒரு கூட்டம் வந்தது. சுனாமிக்குப் பிறகு ஊர் எழுந்து நிற்பதைப் படமெடுக்கிறார்களாம். இன்னும் கூரை போடாத வீடுகளின் பக்கம் கமரா திரும்பவே இல்லை. காக்காவைக் கதிரையில் இருத்தி, மனைவியைப் பறிகொடுத்த கதையைத் தமிழில் ஒரு தரம், சிங்களத்தில் ஒரு தரம் சொல்லச் சொன்னார்கள்.

"இது மராத்திக்காரன்ட முறை," என்று காக்கா பெருமையோடு தலையாட்டினார்.

தமிழில் சொன்னபோது அலை கையைப் பிடுங்கியது. காக்கா தேம்பித் தேம்பி அழுதார். காலிதீன்கூட மூக்கைச் சிந்தினார்.

அடுத்தது சிங்களம். கூடிநின்றவர்களில் நதீராவுக்கு மட்டுமே அது நன்றாக விளங்கும். அம்பாறையில் அரச வேலை பார்க்கிறாள். அவளைச் சிங்களம் படிக்க அனுப்பியதே காக்காதான். அவளைப் பார்த்துக்கொண்டே, கண்ணில் ஒரு சொட்டு இல்லாமல் சொன்னார்: அலை பிடுங்கவில்லை. படச்சுருள் இருந்த தகரப் பெட்டி மிதந்து போனது. அதை எட்டிப் பிடிக்க நான்தான் ஆசியாவுடைய கையை விட்டேன்.

படமெடுக்க வந்தவர் முகத்தைச் சுளித்தார். முதலில் சொன்னதில் அழுகை நன்றாக இருக்கிறது, இது வேண்டாம் என்று கமராவை மூடினார்.

"என்ன காக்கா, ரெண்டாந்தரம் அழுகை வரல்லயா?" என்றார் காலிதீன்.

யாரும் சிரித்து முடிக்குமுன் நதீரா கிட்ட வந்தாள்.

"வாப்பா, அந்தப் பெட்டி இப்ப எங்க கிடக்கு?"

"கட்டிலுக்குக் கீழ மகள். அண்டைக்குப் புறகு நான் அதத் துறக்கவே இல்ல."