போர்டு முந்துமா, விசா முந்துமா?

ரேடியோ சாமான் கடைக்காரனுக்கும் ஜோசியருக்கும் தொழில் ஏறக்குறைய ஒன்றுதான்: எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் 'அடுத்த வாரம் பாருங்க' என்று முகம் மாறாமல் சொல்லத் தெரிய வேண்டும். எண்பதுகளின் தொடக்கத்தில் வேலூரில் நான் கடை வைத்திருந்தபோது, வீட்டிலேயே கம்ப்யூட்டர் கட்டும் பைத்தியம் ஊரில் நாலைந்து பேரைப் பிடித்திருந்தது. அதற்கு மூளையான ப்ராசஸர் போர்டு மட்டும் எங்கும் கிடைக்காது. இல்லாத சரக்குக்காக ஏதாவது ஒரு கடைப்படியை நீங்களும் தேய்த்தவரென்றால், இது உங்கள் கதையும்தான்.

வெள்ளிக்கிழமை பஸ்

அந்தப் பைத்தியங்களில் முதல் இடம் நஜீருக்கு. ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் கெமிஸ்ட். அங்கே வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. ஜும்மா தொழுகை முடிந்த கையோடு பஸ் ஏறி என் கடைக்கு வந்துவிடுவார். "இன்னா அண்ணே, வந்துச்சா?" என்பார். வரவில்லை என்பேன். அதற்கப்புறமும் பொழுது சாயும்வரை எழுந்திருக்க மாட்டார். டீ வரும், பேச்சு வளரும். டிரான்ஸ்பார்மர், கீ பேடு, நம்பர் காட்டும் சிவப்பு டிஸ்ப்ளே, தேக்குப் பெட்டி எல்லாம் அவர் வீட்டில் தயார். நடுவில் போர்டுக்கு விட்ட இடம் மட்டும் காலி.

இதற்கிடையில் ஜித்தாவில் இருந்த அவருடைய மாமா, அங்கே ஒரு வேலை பார்த்து விசாவுக்கும் ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். ஊரே விசா சீக்கிரம் வர வேண்டும் என்று துஆ கேட்கும். இவர் ஒருவர்தான் அது கொஞ்சம் தாமதமாகட்டும் என்று கேட்டவர். "விசா வந்துட்டா வூட்ல ஒரு நாள் நிக்க விட மாட்டாங்க, அண்ணே. அதுக்குள்ள இது ஒரே ஒரு தடவை ஓடி நான் பாத்துட்டாப் போதும்."

பொக்கைவாய்

அவருக்காகவே மெட்ராஸ் போனேன். ரேடியோ சாமான்களுக்கே பேர்போன ரிச்சி தெருவில் ஏறி இறங்கிய கடைகளிலெல்லாம் கையை விரித்தார்கள். ஒருவர் மட்டும் 'இருக்கு' என்று பரணில் கையை விட்டு ஒரு போர்டை எடுத்துக் கொடுத்தார். பார்த்தால் நடுவில் ப்ராசஸர் சிப் உட்கார வேண்டிய சாக்கெட் பொக்கைவாயாகக் கிடக்கிறது. சிப் எங்கே என்றேன். அவர் முகத்தில் துளி வருத்தமில்லை. "போர்டு இருக்கான்னு கேட்டே, குடுத்தேன். சிப்பைப் பத்தி நீ பேச்சே எடுக்கலையேப்பா."

ரெண்டு கோட்டு

கடைசியில் போர்டு வந்தது ஒரு ஷூ பெட்டியில். தோல் கண்காட்சிக்காக ஜெர்மனி போன நஜீரின் முதலாளி, நஜீர் கெஞ்சிக் கேட்டதற்காக அங்கே ஒன்றை வாங்கி, சாம்பிள் ஷூவோடு சேர்த்து வைத்துக் கொண்டுவந்திருக்கிறார். அந்தப் பெட்டி மற்ற சாம்பிள் பெட்டிகளோடு நேராக ஃபினிஷிங் பிரிவுக்குப் போய்விட்டது. தோலுக்கு லாக்கர் அடித்துப் பளபளப்பு ஏற்றும் இடம் அது. அங்கே மேஸ்திரி ஏகாம்பரம் பெட்டியைப் பிரித்துப் பார்த்திருக்கிறார்.

நஜீர் கொண்டுவந்து காட்டியபோது போர்டு புதுப்பெண் மாதிரி மின்னியது. கரண்ட் கொடுத்தோம். ஒன்றும் எரியவில்லை. இணைப்பு கொடுக்கும் ஓரத்துச் செம்புப் பற்களையெல்லாம் லாக்கர் மூடியிருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் மறுநாளே ஆம்பூர் போய் ஏகாம்பரத்தைப் பிடித்தேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "சாம்பிள் பெட்டில வந்தது எதுவும் மங்கலா வெளிய போகக் கூடாதுன்றது மொதலாளி ஆர்டர், சார். ரெண்டு கோட்டு அடிச்சேன். ஒண்ணுல சரியா ஏறல."

ஐந்தும் மூன்றும்

அந்த வாரமே விசா வந்துவிட்டது. கிளம்புவதற்கு முதல் நாள் காலை நஜீர் மனைவியோடு வேலூர் வந்தார். வீட்டில் சொன்னது சூட்கேஸ் வாங்கப் போகிறோம் என்று. சூட்கேஸையும் வாங்கிக்கொண்டு, தேக்குப் பெட்டியோடு என் கடைக்கு வந்துவிட்டார்கள்.

லாக்கரைக் கரைக்கும் தின்னரில் துணியை நனைத்து ஒவ்வொரு பல்லாகத் துடைத்தேன். அழுத்தினால் செம்பே பெயர்ந்துவிடும், விட்டுப் பிடித்தால் லாக்கர் போகாது. நஜீர் பார்க்க மாட்டாமல் தெருப் பக்கம் திரும்பிக்கொண்டார். சுவிட்சைப் போட்டதும் டிஸ்ப்ளேயில் வரிசையாகச் சிவப்புப் பூஜ்யங்கள். கூப்பிட்டேன். ஓடி வந்து, கட்டளைகளை எண்களாகத் தட்டி, ஐந்தையும் மூன்றையும் கூட்டச் சொன்னார். எட்டு வந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது, எனக்கும்தான். சூட்கேஸை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அவர் மனைவி எட்டிப் பார்த்தார். "எட்டா? என்னைக் கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேனே."

லீவில் வந்தவர்

இரண்டு வருஷம் கழித்து நஜீர் லீவில் வந்தார். அதற்குள் நம் பக்கமும் போர்டு வர ஆரம்பித்து, என் கண்ணாடி அலமாரியிலேயே இரண்டு இருந்தன. வருகிறவர்கள் கேட்பார்கள், வாங்குவார்கள், போய்விடுவார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் எனக்குக் கடையே வெறிச்சென்று இருந்தது. ஜித்தாவில் போர்டெல்லாம் கிடைக்கிறதா என்று நஜீரிடம் கேட்டேன். அவர் டீயை ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னார்: "அங்க எல்லாம் அடுக்கி வெச்சிருக்கான், அண்ணே. இல்லன்னு சொல்லி உக்கார வெச்சு டீ குடுக்கிற கடைதான் ஒண்ணுகூட இல்ல."

இருக்கு என்று சொல்லி நான் விற்ற சரக்கெல்லாம் எங்கே போனதோ தெரியாது, இல்லை என்று நான் சொன்ன சரக்குக்காக வந்தவர்கள்தான் இன்றைக்கும் என்னைத் தேடி வருகிறார்கள்.