நம்பிக்கை நாற்பத்தொன்பது

கைக்கு வந்த போர்டை உத்திராபதி முதலில் மோந்து பார்ப்பார். மீட்டரெல்லாம் அப்புறந்தான். வாஷிங் மெஷின் போர்டு கருகியிருந்தால் ஒரு வாடை, எலி மூத்திரம் பட்டிருந்தால் ஒரு வாடை, உப்புக்காற்றில் ஈயம் பூத்திருந்தால் இன்னொரு வாடை. "இது பரங்கிப்பேட்ட போர்டு" என்பார், கொண்டுவந்தவர் வாய் திறக்குமுன்பே. பெரும்பாலும் சரியாக இருக்கும். தப்பிப்போனால், "அப்ப ஒங்க மாமியா ஊரு பரங்கிப்பேட்டையா இருக்கும், நல்லா கேட்டுப் பாருங்க" என்பாரே தவிர, விட்டுக்கொடுக்க மாட்டார்.

சிதம்பரம் ரயிலடிக்குப் பின்னால் வீட்டு முன்னறையே கடை. வயது ஐம்பத்துமூன்று. சட்டைப்பையில் பேனா இருக்காது; போர்டு துலக்க ஒரு பழைய பல் பிரஷ் இருக்கும். மெஷின் தூக்கித் தூக்கி இடது முட்டி தேய்ந்துவிட்டது. மாடி வீடு என்றால் மூன்றாம் படியில் நின்றுகொண்டு, வீட்டுக்காரரிடம் மழையைப் பற்றி விசாரிப்பார். வலி அடங்கும்வரை மழைதான் பேச்சு. இன்னும் ரொம்ப நாள் இப்படி ஏறி இறங்க முடியாதென்று அவருக்கும் தெரியும், மனைவி சந்திரலேகாவுக்கும் தெரியும். ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொண்டதில்லை.

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் செல்போனை எடுப்பார். மெக்கானிக்குகளுக்கென்றே ஒரு ஆப் இருக்கிறது. எந்த ஊரிலிருந்தோ யாரோ கேள்வி போடுவார்கள். விஷயம் தெரிந்தவர்கள் பதில் சொல்வார்கள். நாலு வருஷத்தில் முந்நூறு கேள்விக்கு இவர் பதில் சொல்லியிருக்கிறார், எல்லாம் ஒற்றை விரலில்.

அவர் பெயருக்குக் கீழே அந்த ஆப் மூன்று விவரம் காட்டும். புள்ளி, இரண்டாயிரத்துச் சொச்சம். பட்டம், வெள்ளி. நம்பிக்கை, முப்பத்தெட்டு.

"இதுக்கு என்னாங்க அர்த்தம்? பாஸா, பெயிலா?" என்று கேட்டாள் சந்திரலேகா.

"புள்ளியில பாஸு. நம்பிக்கையில பெயிலு. வெள்ளின்னா என்னான்னு எவனுக்கும் தெரியாது."

அந்தப் புள்ளி வந்த கதை வேறு. மெஷினுக்குள் எலி புகாமல் இருக்க என்ன செய்வதென்று ஒருவர் கேட்டிருந்தார். "மொதல்ல பக்கத்து வூட்டுப் பூனைகிட்ட மரியாதையா பேசிப் பாருங்க" என்று இவர் எழுதினார். ஆயிரம் பேர் இதயம் போட்டார்கள்; அந்த இதயத்துக்குத்தான் புள்ளி. முக்கி முனகிச் சரிசெய்துகொடுத்த போர்டுகளுக்கு அதில் பாதிகூட விழவில்லை.

நம்பிக்கைக்குக் கணக்கு வேறு. கோளாறு தீர்ந்தால், கேட்டவர் ஒரு பச்சை டிக் போட வேண்டும். நூறு பதிலில் எத்தனைக்கு டிக் விழுந்ததோ அதுதான் நம்பிக்கை. உத்திராபதியோ ஒவ்வொரு பதிலின் அடியிலும், "ஒடனே டிக் போடாதீங்க. மூணு நாள் ஓடட்டும்" என்று எழுதுகிற ஆள். உப்புப் பூத்த போர்டைத் துலக்கி வைத்தால் இரண்டு நாள் ஓடிவிட்டு மறுபடி படுத்துக்கொள்ளும். முப்பது வருஷத்தில் எத்தனையோ பார்த்தாயிற்று. மூன்று நாள் ஒழுங்காக ஓடிய பிறகு துணி துவைப்பார்களா, டிக் போடுவார்களா?

கடலூரில் சேரன் என்று ஒருவன் இருக்கிறான். அவன் நம்பிக்கை எண்பத்தொன்று. எதைக் கேட்டாலும் ஒரே பதில்: "போர்டை மாத்துங்க." புதுப் போர்டு போட்டால் ஓடாமல் என்ன செய்யும்? அன்றைக்கே டிக்.

"அவன் மெக்கானிக்கு இல்ல, கொரியர்காரன்" என்பார் உத்திராபதி.

போன மாதம் கடலூர் சர்வீஸ் கம்பெனி ஒன்று அதே ஆப்பில் ஆள் கேட்டது. போர்டு மட்டும் பார்க்கிற வேலை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். படி கிடையாது, சுமை கிடையாது. நம்பிக்கை குறைந்தது ஐம்பது இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் அனுப்பிவிட வேண்டும். இவர் போன் போட்டு அனுபவத்தையெல்லாம் சொன்னார். "சார், அம்பதுக்குக் கீழ இருந்தா ஃபாரமே தெறக்காது சார்" என்றது ஒரு பெண் குரல்.

"பழைய ஆளுங்களுக்கு மெசேஜ் போட்டு டிக் கேளுங்க" என்றாள் சந்திரலேகா.

"அது சாப்ட்டு எழுந்தவன இழுத்து வச்சு, நல்லாருந்துச்சான்னு கேக்கறாப்பல இருக்கு."

"நான் ஒங்கள தெனம் கேக்கறேன். எனக்கு வெக்கமா இருக்கு?"

உத்திராபதி போனைக் கையில் எடுத்தார். நாலு நாள் உட்கார்ந்து ஒற்றை விரலால் தட்டினார்: "மெஷின் ஓடுதா? ஓடுனா டிக் போடுங்க." நாற்பத்திரண்டு ஆயிற்று, நாற்பத்தாறு ஆயிற்று. வெள்ளிக்கிழமை நாலரைக்கு ஐம்பது. ஃபாரம் திறந்துகொண்டது. சந்திரலேகா ஆதார் கார்டைப் பார்த்து நம்பர் சொல்லச் சொல்ல, பாதி தட்டியிருப்பார். போன் அடித்தது; ஸ்பீக்கரில் போட்டார். கீரப்பாளையத்திலிருந்து கயல்விழி, போன வாரம் கேள்வி கேட்டிருந்த தையற்கடைக்காரப் பெண்.

"அண்ணே, இப்பதான் டிக் போட்டேன். பாத்தீங்களா?"

"பாத்தேம்மா. மெஷின் ஓடுதுல்ல?"

"சுத்துதுண்ணே. தண்ணிதான் வெளிய போவல. மொண்டு ஊத்திக்கறேன், பரவால்ல."

"அப்பறம் ஏம்மா டிக் போட்ட?"

"நீங்கதான கேட்டீங்க. எவ்ளோ பொறுமையா சொல்லிக் குடுத்தீங்க!"

சந்திரலேகா கையை ஆட்டினாள். "அது பாட்டுக்குக் கெடக்கட்டும். மொதல்ல ஃபாரத்த அனுப்புங்க."

உத்திராபதி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்துக்குப் பத்து நிமிஷம்.

"டிக்க எடுத்துரும்மா."

"எடுத்தா ஒங்களுக்குக் கொறையுமேண்ணே?"

"தண்ணி நிக்குது. தீந்துபோச்சுன்னு எப்பிடி எழுதி வக்கிறது? எடு."

கொஞ்ச நேரத்தில் ஐம்பது நாற்பத்தொன்பது ஆயிற்று. பாதி நிரம்பிய ஃபாரம் தானாக மூடிக்கொண்டது. சந்திரலேகா ஆதார் கார்டை மடியில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள்.

"இப்ப ஒன் போன எடுத்து மெஷின் ஒடம்புல ஒட்டி வையிம்மா. தண்ணி வெளியேத்துற பட்டன அமுக்கு. பேசாத, மோட்டாரு சத்தத்த நான் கேக்கறேன்."

கண்ணை மூடிக்கொண்டார். ஸ்பீக்கரை அணைத்துப் போனை ஒரு காதில் அழுத்தி, மறு காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார். அப்படியும் கேட்கவில்லை போலிருக்கிறது. கண் திறக்காமலே, மேலே கடகடத்துக்கொண்டிருந்த ஃபேனை நோக்கி முழங்கையை உயர்த்திக் காட்டினார்.

சந்திரலேகா எழுந்து போய் நிறுத்தினாள்.