வள்ளூர் வரை போய்த் திரும்பிய இளஞ்சிவப்புக் கல்

வைரத்துக்குப் பதிலாக இளஞ்சிவப்புக் கல் வைத்து நிச்சயதார்த்த மோதிரம் செய்யலாமா, எந்தக் கல் நிலைத்து நிற்கும், எங்கே பார்த்து வாங்குவது என்று என் பழைய மாணவிகள் சிலர் தொடர்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நாங்கள் கல் வாங்கிய செய்தி அவர்களுக்கு எட்டியிருக்கிறது. அதன்பின் நடந்தது எட்டவில்லை. ஒவ்வொருவரிடமும் தொலைபேசியில் சொல்ல எனக்குத் தெம்பில்லை. வேளாங்கண்ணிக்கும் பழவேற்காட்டுக்கும் போய்வந்து எழுதியதைப் போல இதையும் வழியோடு சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன். இங்கே சொல்ல வேண்டியவை இரண்டே பயணங்கள். காலடிப்பேட்டையிலிருந்து தெற்கே நாலைந்து கிலோமீட்டர் ஒன்று. வடக்கே பன்னிரண்டு கிலோமீட்டர் போல இன்னொன்று.

பொங்கல் விடுமுறை முடிந்த சனிக்கிழமை முதல் பயணம். என் மகன் ஜெரால்டு துறைமுகத்தில் பளுதூக்கி இயக்குகிறான். அவன் விரும்பிய பெண் மெர்லின், வள்ளூர்க்காரி. அனல்மின் நிலையத்துக்குப் பக்கத்தில் நிலக்கரி சோதிக்கும் ஆய்வகம் ஒன்றில் ஒப்பந்த வேலை. தவக்காலம் தொடங்கினால் எங்கள் வீடுகளில் விசேஷம் வைக்க மாட்டோம். அதற்கு முன்பே ராயபுரம் கோயிலில் மோதிரம் மந்திரித்து நிச்சயத்தை முடித்துவிட வேண்டும், ஈஸ்டருக்குப் பிறகு கல்யாணம் என்று இரண்டு வீட்டிலும் பேசியிருந்தோம்.

காலடிப்பேட்டையில் மெட்ரோ ஏறினால் வண்ணாரப்பேட்டைக்குக் கால்மணி நேரம்கூட ஆகாது. ஆளுக்கு இருபது ரூபாய். சனிக்கிழமை மாலையில் போகாதீர்கள். துணிக்கடைக் கூட்டத்தில் நகைக்கடை வாசலையே பார்க்க முடியாது. ஜெரால்டும் மெர்லினும் நானும் காலை பதினோரு மணிக்கே போய்விட்டோம். சந்துக்குள் சின்னக் கடை. கடைக்காரர் பாய்க்கு என் வயதிருக்கும். உட்கார்ந்ததுமே வைரத் தட்டை எடுக்கப் போனார்.

"வைரம் வேணாம் பாய்" என்றாள் மெர்லின். "நாள் பூரா கரிய அரைச்சிகினு கீறேன். வைரமும் கரிதான்னு டீச்சரே சொல்லிக்கீறாங்க. விரல்லயும் அதயே மாட்டிகினு திரியவா?"

"செலவு மிச்சம். வுடுங்க பாய்" என்றான் ஜெரால்டு.

"மிச்சம்னு யாரு சொன்னது? வேற எதுலனா கறந்துடுவேன்."

பாய் சிரித்தபடி வைரத்தை உள்ளே வைத்துவிட்டு வெள்ளைத் தாளில் நான்கு கற்களை வைத்தார். ரோஸ் குவார்ட்ஸ், டூர்மலின், மார்கனைட், பிங்க் சஃபையர். பார்வைக்கு நான்கும் அக்கா தங்கைகள். விலையோ சில நூறில் ஆரம்பித்துக் கேரட் பதினெட்டாயிரம் வரை போனது.

இங்கே ஒரு சின்னப் பாடம், பழக்கம் விடவில்லை. சாக்பீஸால் கரும்பலகையைக் கீற முடியாது, ஆனால் ஆணியால் கீறலாம். கற்களும் அப்படித்தான். கடினத்தில் வைரம் பத்து, சஃபையர் ஒன்பது, மார்கனைட் ஏறக்குறைய எட்டு, டூர்மலினும் குவார்ட்ஸும் ஏழை ஒட்டி. நம் வீட்டுத் தூசியில் கலந்திருக்கும் மணலும் ஏழு. அதனால் ரோஸ் குவார்ட்ஸைத் தினமும் துணியால் துடைத்தாலே சில வருடங்களில் பழைய மூக்குக்கண்ணாடிபோல மங்கிவிடும். மெர்லின் இருக்கும் இடத்தில் தூசிக்கா பஞ்சம்? சஃபையர்தான் என்று முடிவுசெய்தோம். இன்னொன்று: கடைக்குள் எரியும் மஞ்சள் விளக்கை நம்பாதீர்கள். பாயே எங்களைத் தெருவுக்கு அழைத்துவந்து வெயிலில் காட்டினார். உள்ளே ரோஜாவாக இருந்த ஒரு கல் வெளியே பழுப்படித்தது. இன்னொன்று தெருவிலும் அப்படியே இருந்தது. மெர்லின் அதை விரல்மேல் வைத்து, "சோக்கா கீதுல்ல?" என்று ஜெரால்டைக் கேட்டாள். அவன் கல்லைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்துத் தலையாட்டினான். அந்த நாளில் எனக்கு மிஞ்சியிருப்பது அதுதான்.

விரல் அளவு கொடுத்துவிட்டு உடனே கட்டச் சொல்லியிருக்கலாம். அப்போதுதான் மெர்லினின் அம்மா பிலோமினா தொலைபேசியில் வந்தார்.

"வைரமோ சேப்போ, கல்லுன்னா கல்லுதான் டீச்சரம்மா. மூணு ராவு உங்க வூட்ல வெச்சிப் பாத்துட்டு அப்பால கட்டுங்க. பின்னாடி எதுனா ஒண்ணுன்னா எம்பொண்ணு தலைலதான் விடியும்."

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வைரம் வாங்கும் பல வீடுகளில் அதை மோதிரத்தில் கட்டுவதற்கு முன்பு வெறும் கல்லாக வீட்டுக்குக் கொண்டுவந்து மூன்று இரவு வைத்திருப்பார்கள். நல்லபடியாகக் கழிந்தால் சேர்ந்தது என்று பொருள். கடைக்காரர்களும் முன்பணம் வாங்கிக்கொண்டு கொடுத்துவிடுவார்கள். பாய் தயங்கவே இல்லை. "நீலத்துக்கும் அப்டித்தான் கேப்பாங்க மேடம். இதுவும் நீலத்தோட ஜாதிதானே" என்று பொட்டலம் கட்டினார்.

அவர் சொன்னது அறிவியல்படி சரி. நீலக்கல்லும் மாணிக்கமும் இந்தக் கல்லும் ஒரே பொருள், உள்ளே கலந்திருக்கும் துளி அசுத்தம்தான் நிறத்தை மாற்றுகிறது. அன்று மாலை வீட்டுக்கு வந்த என் நாத்தனார் ரோசரியிடம் மூன்று தம்ளரில் தண்ணீர் எடுத்து, ஒன்றில் கொஞ்சம் சொட்டுநீலம், ஒன்றில் கொஞ்சம் ரோஸ்மில்க் விட்டு இதையே விளக்கினேன். அவர் தம்ளரைப் பார்க்கவில்லை. "நீலமா?" என்று மட்டும் கேட்டார். நீலம் சேராவிட்டால் குடும்பத்தையே கவிழ்க்கும் என்பது எங்கள் பக்கத்தில் சின்னக் குழந்தைக்கும் தெரிந்த பயம்.

என் கணவர் சேவியர், ரயில்வேயில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்றவர், பொட்டலத்தை வாங்கித் தன் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டார். "நா தாங்குற கல்லுன்னா எவன் வேணா தாங்கலாம் டீச்சரு" என்றார். கல்யாணமான நாளிலிருந்து என்னை அப்படித்தான் கூப்பிடுவார்.

இரண்டாம் நாள் காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் கையிலிருந்து பிரஷ் விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவர் எழவில்லை. பக்கவாதம். வலது கையும் காலும் பேச்சும் போய்விட்டன. அவருக்குப் பல வருடமாக ரத்தக்கொதிப்பு உண்டு. உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று கிறிஸ்துமஸோடு மாத்திரையை நிறுத்தியிருந்தார் என்பது மருத்துவர் கேட்டபோதுதான் எனக்கே தெரிந்தது.

மருத்துவமனைக்கு வந்த ரோசரியின் முதல் வார்த்தை, "நீலத்த வூட்ல வெச்சா?" நான் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னேன்: எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் தண்டவாளம். மாலை மணி அடித்ததும் ஒரு சரக்கு ரயில் போகும். மணி அடிப்பதால்தான் ரயில் வருகிறது என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நம்பினார்கள். பள்ளிக்கு விடுமுறை விட்ட நாளிலும் ரயில் போவதை நேரில் காட்டிய பிறகுதான் அந்த நம்பிக்கையை விட்டார்கள். ரோசரி முழுவதும் கேட்டுவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். புரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

மூன்று வாரம் கழித்து என் கணவரை வீட்டுக்கு அழைத்துவந்தோம். மெர்லின் முதல் சில நாட்கள் கஞ்சி எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு வந்தவள், அப்புறம் வரவில்லை. ஜெரால்டைக் கேட்டால் வேலை என்பான். தவக்காலத்துக்கு இன்னும் பத்து நாள்தான் இருந்தது. நான் கல்லைப் பாயிடம் கொண்டுபோய் மோதிரத்தில் கட்டி வாங்கிக்கொண்டு, ரோசரியைக் கணவருக்குத் துணையாக வைத்துவிட்டு, வள்ளூருக்குக் கிளம்பினேன். ஜெரால்டுக்குப் பகல் ஷிப்ட்.

இரண்டாவது பயணத்துக்கான வழி: திருவொற்றியூரில் கும்மிடிப்பூண்டி வண்டி ஏறி அத்திப்பட்டு புதுநகரில் இறங்க வேண்டும். அரைமணி நேரம், சில ரூபாய் டிக்கெட். எண்ணூர் தாண்டியதும் ஜன்னலுக்கு வெளியே உப்பங்கழி, அதன்மேல் சாம்பல் போகும் குழாய்கள், பின்னால் புகைபோக்கிகள். ஸ்டேஷன் வாசலில் ஷேர் ஆட்டோ இருபது ரூபாய்.

"மூஞ்ச மூடிக்கமா, இன்னிக்கி காத்து இந்தாண்ட அடிக்குது" என்றார் ஓட்டுநர். "தினம் இப்டித்தானா?" என்றேன். "தினம் இல்லமா. ஞாயித்துக்கெழம மட்டும் ரெண்டு வாட்டி" என்று சிரித்தார்.

பிலோமினா டீ கொடுத்தார், தம்ளர்மேல் ஒரு தட்டு மூடி. நான் மோதிரப் பெட்டியைத் திறந்து வைத்தேன். மெர்லின் மோதிரத்தை எடுத்துக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்குப் போனாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நல்ல கல்லு டீச்சர். வெயில்லயும் மாறல."

"அப்புறம் என்ன கண்ணு? கல்லால இது வரலைன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும். கல்லப் பத்தி எனக்கின்னா பயம்? நீங்க மருந்து வாங்கப் போயிருந்தீங்கல்ல, அன்னிக்கி நா கஞ்சி எட்தாந்தேன். ரோசரி அத்த சொல்றாங்க, 'டீச்சரு சொன்ன மாரி கல்லு இன்னா பண்ணும்? வரப்போறவ ராசி அப்டி. கால் வெக்கறதுக்கு முன்னாலயே எங்கண்ணன சாச்சிட்டா'ன்னு. கஞ்சித்தூக்கு என் கைல கீது."

என் மணியும் ரயிலும் எங்கே போய்ச் சேர்ந்திருக்கின்றன என்று அப்போதுதான் தெரிந்தது. கல்லை விடுவித்தேன். பழி நடந்துபோய் இவள்மேல் உட்கார்ந்துவிட்டது.

"ஜெரால்டு அங்க இல்லையா?"

"இருந்தான். செவுத்துல சாஞ்சிகினு போன நோண்டிகினு இருந்தான். 'வுடு அத்த'ன்னு ரெண்டு வார்த்த சொல்லிருக்கலாம்ல டீச்சர். அது போதும் எனக்கு. இப்ப தினம் போன் பண்றான். அப்பா சரியாவட்டும், அப்பால பாத்துக்கலாங்கறான். மாமா சரியாவலன்னா?"

அவர் சரியாவது கடினம் என்று மருத்துவர் என்னிடம் சொல்லியிருந்தார்.

"நாந்தான் வெச்சிப் பாருன்னேன்" என்று பிலோமினா கதவோரம் தரையில் உட்கார்ந்துவிட்டார். "எம்பொண்ணுக்குப் பேர் வந்துடக் கூடாதுன்னுதான் சொன்னேன் டீச்சரம்மா."

மெர்லின் மோதிரத்தைத் துப்பட்டாவால் துடைக்கப் போய், நிறுத்தி, வாயால் தூசியை ஊதிவிட்டுப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். "கல்லு சேரலன்னா கடைல திருப்பிக் குடுத்துடுவீங்க. நாளைக்கி உங்க வூட்ல இன்னொருத்தருக்கு ஒண்ணுன்னா என்ன எங்க டீச்சர் குடுப்பீங்க?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. ஆட்டோ வரை வந்து ஏற்றிவிட்டாள்.

ஜெரால்டிடம் அன்றிரவே சொன்னேன். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், சாப்பிடவில்லை. "அப்பா அந்த நெலமைல இருக்கும்போது அத்தையோட சண்டை போடச் சொல்றியாம்மா?" என்றான். வள்ளூருக்குப் போ என்றேன். போகவில்லை. தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் வந்தது, கோயிலில் நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டு வந்தோம்.

கேட்டவர்களுக்கு என் பதில் இதுதான். இளஞ்சிவப்புக் கல் தாராளமாக வாங்கலாம். தினமும் போடுவதென்றால் சஃபையர் பாருங்கள், பகல் வெளிச்சத்தில் பாருங்கள், ஆய்வகச் சான்றிதழ் கேளுங்கள், கல்லைச் சூடாக்கி நிறம் ஏற்றியிருந்தால் அதைச் சொல்லச் சொல்லுங்கள். சோப்பு கரைத்த தண்ணீரில் கழுவினால் போதும். வெறும் கல்லாக வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். மூன்று இரவு வைத்துப் பார்க்க யார் சொன்னாலும், எவ்வளவு நல்ல மனதோடு சொன்னாலும், வேண்டாம். எந்த வீட்டிலும் மூன்று இரவில் எதுவும் நடக்கலாம். பெண்ணோடு போங்கள், அன்றே அளவு கொடுங்கள், அன்றே கட்டச் சொல்லுங்கள்.

பாய் மோதிரத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்றார். நான் கொடுக்கவில்லை, அலமாரியில் இருக்கிறது. என் கணவருக்குப் பேச்சு வரவில்லை. காலையில் முகம் துடைத்துவிடும்போது இடது கையைத் தூக்கி, கட்டைவிரலால் மோதிரவிரலைத் தொட்டுக் காட்டிவிட்டு என்னைப் பார்ப்பார். அவள் போட்டுக்கொண்டாளா என்று கேட்கிறார். அளவு கொஞ்சம் பெரிசு, சின்னதாக்கக் கொடுத்திருக்கிறது, வந்துவிடும் என்கிறேன். தலையாட்டுகிறார். மறுநாள் காலையில் மறுபடியும் விரலைத் தொடுகிறார்.