ஆறு பேட்டரிக்குள் ஒரு பாட்டு

என் வீட்டுக்காரர் தவறி ஏழு மாதம் ஆகிறது. அவர் வாசித்த பாட்டு ஒன்று அவருடைய கீபோர்டுக்குள்ளேயே பதிவாகி இருக்கிறது. இன்று காலை அதில் பேட்டரி தீர்கிற விளக்கு மினுங்க ஆரம்பித்தது.

பேட்டரியைக் கழற்றினால் பாட்டு அழிந்துவிடும் என்று அவரே சொல்லியிருக்கிறார். "போன்ல ஏத்தி வைங்க" என்று எத்தனை தடவை கெஞ்சினேன்! "போன் தொலைஞ்சிடும்டி, இது எங்க போவும்?" என்பார். பெரிய விஞ்ஞானி.

சிட்லபாக்கத்திலிருந்து கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் தாம்பரம் போனேன். ரிப்பேர் கடைக்காரர் நேராகப் பேட்டரி மூடியில் கை வைத்தார்.

"ஐயோ, தொறக்காதீங்க!" என்று கத்திவிட்டேன்.

"இன்னாக்கா, உள்ள பாம்பா கீது?"

"எங்க வீட்டுக்காரர் வாசிச்ச பாட்டு இருக்கு. அவர் இப்ப இல்ல."

அவர் தன் கடை அடாப்டரை எடுத்துச் செருகினார். "கரண்டுல இருக்கறப்பவே மாத்துனா அழியாதுக்கா" என்று ஆறு பேட்டரியையும் மாற்றினார். அதுவரை கரண்ட் போய்விடக் கூடாதே என்று நான் மேலே சுற்றுகிற ஃபேனையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பாட்டு வந்தது. என் போனிலும் பதிவு செய்து கொடுத்தார்.

"அண்ணன் நடுவுல ஒரு கட்டைய தப்பா அமுத்திட்டாருக்கா."

"ஒண்ணா? மூணு எடம்" என்றேன்.

போனும் பேட்டரியில்தானே ஓடுகிறது என்று திரும்பும்போது பயம் வந்துவிட்டது. அதனால் பாட்டை இங்கே இந்தப் பதிவோடும் போட்டிருக்கிறேன். ஆளுக்கொரு காப்பி எடுத்து வையுங்கள்.

அந்த மூன்று இடத்தையும் கண்டுபிடித்தால் சொல்லுங்கள். கேலி மட்டும் யாரும் செய்யக் கூடாது, அது என் வேலை.