ஜெரோம் திருத்தாமல் விட்ட ஆட்டம்

சிதம்பரத்தில் என் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தேன். கடலூரிலிருந்து சங்கத்து நண்பன் சலீம் போன் செய்தான். "மச்சான், ஜெரோம் செத்துட்டாரு. கடையிலயே. ஹார்ட் அட்டாக்குன்றாங்க."

"எந்த ஜெரோம்?" என்று கேட்டேன். எனக்குத் தெரிந்த ஜெரோம் ஒருவர்தான். முந்தின ஞாயிறு சதுரங்கச் சங்கத்தில் என் ராணியைப் பிடுங்கிக்கொண்டு, "தோத்தவன் டீ சொல்லணும், சொல்லு" என்று சிரித்த மனுஷன். நாற்பத்து நாலு வயசு. ஒரு தலைவலி என்றுகூடப் படுத்துப் பார்த்ததில்லை. சலீம் மறுபடி சொன்னான். நான் டப்பாவை மூடிவிட்டு, ஏதோ அவசர வேலை போல, மேசை மேல் இருந்த ஃபைல்களை அடுக்க ஆரம்பித்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

இந்த நினைவு மலரைப் படிக்கும் உங்களில் பலருக்கு அவரைத் திருப்பாதிரிப்புலியூர் மருந்துக்கடைக்காரராகத் தெரியும். எந்த டாக்டரின் கோழிக் கிறுக்கலையும் படித்துவிடுவார். அந்தக் கண்ணைத்தான் எங்கள் சதுரங்கச் சங்கத்துக்கும் கொடுத்தார். போட்டியில் ஆடுகிறவர்கள் ஒவ்வொரு நகர்த்தலையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டே வரவேண்டும். நேரம் நெருங்க நெருங்க, தாளில் இல்லாத கட்டத்துக்குக் குதிரை தாவும், செத்த யானை எழுந்து வரும். போட்டி மலரில் அச்சாகும் முன் அத்தனை தாள்களையும் பலகையில் ஆடிப் பார்த்து, பிழையைச் சிவப்புப் பேனாவால் திருத்துவது ஜெரோம் வேலை. பிறகு தன் ஆட்டங்களைத் தனியாக ஒரு நோட்டில் படியெடுத்து, பிழைகளை அதிலும் சிவப்பில் குறித்து வைப்பார். ராஜாவுக்கு 'செக்' சொன்ன குறி ஒன்று விட்டுப்போயிருந்தால்கூட அதையும் சிவப்பில் போடுவார். அத்தனை பிடிவாதம்.

ஒரு முறை பரங்கிப்பேட்டையிலிருந்து வந்த ஒரு பெண்ணின் தாளைப் பார்த்து எல்லோரும் சிரித்தோம். முதல் நகர்த்தலிலேயே அவள் சிப்பாய் மூன்று கட்டம் தாண்டியிருந்தது. "இந்தப் பொண்ணுக்கு ஆடவே தெரியல" என்று நான்தான் முதலில் சொன்னேன். ஜெரோம் அவள் ஆடிய மேசைக்குப் போனார். ரெக்ஸின் பலகையைத் தலைகீழாக விரித்திருந்தார்கள். ஓரத்தில் அச்சான எழுத்தும் எண்ணும் மாறிக் கிடந்தன. அவள் அதைப் பார்த்து அச்சுப் பிசகாமல் எழுதியிருக்கிறாள். "மச்சான், எழுதுனவங்களச் சந்தேகப்படறதுக்கு முன்னாடி பலகையைச் சந்தேகப்படு" என்றார். எனக்கு மூஞ்சி செத்துப்போயிற்று.

இனி என் ஆட்டம். ஏழு வருஷத்துக்கு முன்னால் சிதம்பரத்தில் மாவட்டப் போட்டியின் கடைசிச் சுற்றில் எனக்கும் அவருக்கும் எதிரெதிர் ஜோடி விழுந்தது. காலையில் கடலூரிலிருந்து ஒரே பஸ்ஸில்தான் போனோம். நான் ஜெயித்தால் மாவட்ட அணியில் கடைசி இடம் எனக்கு. அந்தச் சான்றிதழ் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு மனுப் போடலாம். "இந்த வருஷம் விட்டா வயசு தாண்டிடும் ஜெரோம்" என்று புலம்பினேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னார்: "போர்டுல உக்காந்துட்டா நான் யாருக்கும் மச்சான் இல்ல. பாத்து ஆடு."

அவர் சொன்னபடியே ஆடினார். முப்பது நகர்த்தலில் என் கதை முடிந்த மாதிரிதான். ஆனால் இருவருக்கும் நேரம் குறைவு. கடிகாரத்தில் நேரம் தீர்ந்ததைக் காட்டும் கொடி விழும் முன் ஆளுக்கு நாற்பது நகர்த்தல் முடிக்கவேண்டும், இல்லாவிட்டால் தோல்வி. கடைசி ஐந்து நிமிஷத்தில் எழுதாமல் ஆட விதி இடம் கொடுத்தது. நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன். அவர் நிறுத்தவில்லை. நாற்பதாவதை எழுதிவிட்டு அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் பதிலுக்கு ஆடினேன். அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் கொடி விழுந்தது.

நாற்பதுதான் முடிந்துவிட்டதே, ஆட்டம் தொடரும் என்று நினைத்தேன். ஜெரோம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நடுவரைக் கூப்பிட்டார். "சார், தப்பு எம்மேல. இந்த எடத்துல யானையை ஒரே மூச்சா மேல ஏத்தினேன். ரெண்டு தடவையா எழுதிட்டேன். இவன் சிப்பாயும் ஒரே தடவையாத்தான் ரெண்டு கட்டம் வந்துச்சு. நான் ஆடினது முப்பத்தொம்பது." நடுவர் ஆடிப் பார்த்தார். முப்பத்தொன்பதாக ஆடினாலும் நாற்பதாக ஆடினாலும் அதே நிலைதான் வந்தது. என்னைக் கேட்டார். அந்தப் பதற்றத்தில் எனக்கு எதுவும் நினைவில்லை. "அவர் சொன்னா சரியாத்தான் சார் இருக்கும்" என்றேன். நான் ஜெயித்தேன்.

அணிக்குப் போனேன். வேலை கிடைத்தது. கல்யாணம், வீடு, எல்லாம் அந்த வேலையால்தான். ஏழு வருஷமாகச் சங்கத்துக்கு வருகிறவர்களிடமெல்லாம், "ஜெரோமையே ஜெயிச்சவன் நான்" என்று பீற்றிக்கொண்டேன். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, "ஆமா, ஜெயிச்சான்" என்பார்.

போன வாரம் அவர் மனைவி ஸ்டெல்லா அந்த நோட்டை என்னிடம் கொடுத்தார். தானே புயலில் ஓரமெல்லாம் நனைந்து காய்ந்திருந்தது. "சேகர் தம்பி, நெனைவு மலர்ல அவரு ஆட்டம் ஒண்ணு போடுங்க" என்றார். நான் எதைத் தேடியிருப்பேன்? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் ஜெயித்த ஆட்டத்தைத்தான் தேடினேன்.

நோட்டு முழுக்கச் சிவப்பு. அந்தப் பக்கத்தில் மட்டும் ஒரு புள்ளி சிவப்பு இல்லை. யானை முதலில் இரண்டு கட்டம் ஏறுகிறது. என் சிப்பாய் ஒரு கட்டம். அப்புறம்தான் யானை மேலே போகிறது. சிப்பாய் இன்னொரு கட்டம். மொத்தம் நாற்பது. வீட்டுக்குப் போய், ஆற அமரப் படியெடுத்து, சரிபார்த்த நாற்பது. கீழே 'தோல்வி' என்று அவர் கையெழுத்து.

திரும்பத் திரும்ப எண்ணினேன். அடப்பாவி மனுஷா! பிழையே இல்லாத தாளில் ஒரு பிழையைச் செய்து, அத்தனை பேர் முன்னால் தலையைக் குனிந்து நின்றீர்களா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லியிருந்தால் அந்த வெற்றியை நான் வாங்கியிருக்க மாட்டேன் என்று எழுத ஆசை. வாங்கியிருப்பேன். அதுவும் அவருக்குத் தெரிந்திருக்கும்.

"இத எழுதாம விட்டா யாருக்குத் தெரியப்போவுது? வேலைக்கு ஏதாச்சும் ஆயிட்டா?" என்று என் மனைவி பயப்படுகிறாள். எனக்கும் பயம்தான். மலரை அச்சுக்குக் கொடுக்கப்போகும் சலீம் நேற்று போனில், "முப்பத்தொம்பதா போடறதா, நாப்பதா போடறதா மச்சான்?" என்று கேட்டான். நாற்பது என்று சொல்லிவிட்டேன்.

நோட்டை ஸ்டெல்லாவிடம் திருப்பிக் கொடுத்தேன். சிவப்புப் பேனாவை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன். இந்த வரிகளை அதில்தான் எழுதுகிறேன். நண்பர்களே, ஏழு வருஷமாக நான் உங்களிடம் சொல்லிவந்ததில் ஒரு திருத்தம்: ஜெரோம் அன்றைக்கு நாற்பது நகர்த்தலையும் ஆடி முடித்திருந்தார். நான் அவரை ஜெயிக்கவில்லை.