அரக்குக் கேட்ட பின்னேரம்

வீரபாகு முகம் வழிப்பதைப் பார்த்தால், யாருக்கோ பயந்து செய்கிற வேலை போலிருக்கும். விடிந்ததும் வாய்க்கால் தண்ணீரைச் சிரட்டையில் மொண்டு வருவான். சவரப் பிரசை அதில் தோய்த்து, ஒரு தரம் உதறி, சிவப்புச் சவுக்காரத் துண்டின் மேல் சுழற்றுவான். நுரை முதலில் நாடிக்கு, பிறகு கன்னத்துக்கு, கடைசியில் மேலுதட்டுக்கு. கண்ணாடி வேலிக் கதியாலில் தொங்கும். கத்தி கன்னத்தில் இறங்கும்போதும் அவன் கண் தன் முகத்தில் நிற்காது. தோளுக்கு மேலால் கண்ணாடியில் தெரியும் ஒற்றையடிப் பாதையில் நிற்கும்.

காய்ச்சல் என்றாலும் வழிப்பான். எழுபத்தேழு கலவரத்தில் ஊவாத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டை விட்டு ஓடிவந்து, வவுனியா முகாமில் தாடியோடு நின்றபோது, அரிசி அளந்தவன் அளவுச் சுண்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு "ஆர் நீ?" என்று கேட்டான். அந்தக் கேள்வி இன்னும் தொண்டைக்குள் கிடக்கிறது. வழித்த முகத்தை ஒருத்தனும் சட்டென்று சந்தேகிக்கமாட்டான் என்பது அவன் எண்ணம். அவன் எல்லாரையும் சந்தேகிப்பான் என்பது வேறு கதை.

முகாமிலிருந்து கண்டாவளைப் பக்கம் வந்து, சிற்றம்பலத்தின் வயலில் கூலிக்குச் சேர்ந்தான். சிற்றம்பலம் யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்தில் காணி பெற்று வந்தவர். நெற்றியில் திருநீறு அழியாத சைவக்காரர். மேற்கு மூலையில், வாய்க்கால் கரையோடு கொட்டில் போட விட்டார். விட்ட அன்றே சொல்லியும் வைத்தார்.

"இரும். ஆனால் போத்தல் மணம் வந்துதோ, அண்டைக்கே கொட்டில் பிரிபடும்."

முன்பு அந்த மூலையில் இருந்த பழனியாண்டியின் கொட்டில் அப்படித்தான் பிரிபட்டதாம். அவன் நட்ட முருங்கை மட்டும் நின்றது. வீரபாகுவுக்கும் வீரம்மாவுக்கும் இந்த மூலையை விட்டால் திரும்பவும் முகாம்தான்.

ஒரு நாள் காலை, நாடியில் நுரை வைக்கும்போது பிரசின் மயிர்க் குஞ்சம் முழுசாகக் கழன்று முகத்தில் ஒட்டிக்கொண்டது. கையில் வெறும் எலும்புப் பிடி.

"என்னங்க, நாடியில அணில் குட்டி தொங்குது!" வீரம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. தோட்டத்துப் பங்களாவில் சமையல் பார்த்த அப்பனுக்கு, சீமைக்குத் திரும்பிய துரை விட்டுப்போன பிரசு அது. லயம் எரிந்த அன்று மடியில் செருகிக்கொண்டு ஓடிவந்த சாமான்.

மடை திறக்க வந்த சிற்றம்பலம் அதைக் கண்டார். குஞ்சத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"மயிர் நல்லாத்தான் கிடக்கு. ஓட்டைக்குள்ளை சவுக்காரம் அடைஞ்சு பிடி விட்டிட்டுது. தாரும், நான் இறுக்கித் தாறன்."

வீரபாகு கொடுத்தான். கொடுத்த நேரம் முதல் மனசு அரிக்கத் தொடங்கியது.

"இதுக்குள்ள ஏதோ இருக்குடி."

"பிரசுக்குள்ளயா?"

"அந்தாளு மனசுக்குள்ள. கூலிக்காரன் பிரசுக்கு மொதலாளி ஏன் பாடுபடணும்?"

அடுத்த நாள் மத்தியானம் வரம்பில் நின்று சிற்றம்பலம் கூப்பிட்டார்.

"வீரபாகு! உம்மட்டை அரக்குக் கிடக்கெல்லே?"

மண்வெட்டி அவன் கையில் நின்றுவிட்டது.

"என்னங்கையா?"

"அரக்கு, அரக்கு! கொஞ்சம் இருந்தால் காணும். பின்னேரம் கொண்டு வாரும், வேலையை முடிச்சுப்போடுவம்."

தோட்டத்துக்குக் கீழே, சிங்களவர் கடைத்தெருவில் இருந்த தவறணையில் சாராயத்துக்குப் பெயர் அரக்கு. பிறந்தது முதல் அந்தச் சொல்லில் அவனுக்கு ஒரே வாசனைதான். கொட்டில் கூரை வைக்கோலுக்குள் அரைப் போத்தல் ஒளித்தும் இருந்தது. குடிக்க அல்ல. வேலி ஓரத்தில் ஒரு கல்லை நட்டு முனியாண்டி சாமியாக்கி, அறுப்பு முடிந்ததும் சுருட்டும் சாராயமும் வைப்பதாக நேர்ந்திருந்தான். அது அவனுக்கும் வீரம்மாவுக்கும் மட்டுந்தான் தெரியும்.

ஆகவே வாய் விட்டவள் வீரம்மாதான்.

"கெணத்தடியில மொதலாளி அம்மாகிட்ட என்னடி சொன்ன?"

"புளி இருக்கான்னு கேட்டேன்."

"புளிக்குப் பெறகு?"

"இல்லைன்னாங்க."

"போத்தலப் பத்தி?"

"எனக்கென்ன பைத்தியமா? உங்களுக்கு நிழலப் பாத்தாலும் உளவாளியா தெரியுது."

வேலையை முடிச்சுப்போடுவம் என்றாரே, எந்த வேலையை? இல்லை என்று சொன்னால் வந்து கூரையைப் பிரித்துப் பார்ப்பார். கொண்டுபோனால் கையோடு பிடிப்பார். ஒருவேளை திருநீற்றுக்குப் பின்னால் அவருக்கே ஆசையோ? அப்படியென்றால் தப்பித்தோம், பிறகு அவர் வாய் திறக்கமுடியாது. கடைசியில் இருமல் மருந்துக் குப்பி ஒன்றைக் கழுவி அதில் கொஞ்சம் ஊற்றிக்கொண்டான். பிடிபட்டால் மருந்து. கேட்டால் சாராயம்.

சிற்றம்பலத்தின் விறாந்தையில் குப்பி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பிடியின் ஓட்டையை ஆணியால் சுரண்டித் துப்புரவாக்கியிருந்தார். குஞ்சத்தை விரியாதபடி நூலால் சுற்றிக் கட்டியிருந்தார். குசினி வாசலில் அவர் மனைவி விமலேஸ்வரி அரிசி புடைத்துக்கொண்டிருந்தா.

"கொண்டு வந்தீரே?"

வீரபாகு குப்பியை நீட்டினான். அவர் மூடியைத் திறந்தார். மூக்குக்குக் கொண்டுபோனார். முகம் அப்படியே நின்றது.

"என்ன இது?"

"ஐயா கேட்டதுங்க."

"நான் கேட்டனானோ?"

"அரக்கு கேட்டீங்களேங்க."

சுளகு நின்றது. விமலேஸ்வரி எழும்பி வந்து குப்பியை வாங்கி மணந்தா.

"இஞ்சாருங்கோ, இது எப்ப துவங்கினது?"

"சிவ சிவா! நீர் சும்மா இரும்! எடேய் வீரபாகு, அரக்கெண்டால் அரக்கு! உம்மடை தேயிலை வெட்டுற கவ்வாத்துக் கத்தியில, பிடி கழலாமல் கறுப்பாய் உருக்கி விட்டுக் கிடக்கே, அது! அதில ஒரு கட்டி மிச்சம் வைச்சிருப்பீர் எண்டு நினைச்சன்."

வீரபாகு குப்பியையும் பிரசுப் பிடியையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அது லாக்கடங்க. எங்க பக்கம் லாக்கடன்னுதான் சொல்லுவோம்."

"அப்ப அரக்கு?"

"அது… குடிக்கிறதுங்க."

விமலேஸ்வரி சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டா. தோள் குலுங்கியது. "நல்ல காலம், குடிச்சுப் பார்க்கேல்லை. அவசரத்தில பிரசுக்குள்ளை ஊத்தியிருந்தாலும் ஊத்தியிருப்பியள்" என்றா.

சிற்றம்பலம் சிரிக்கவில்லை. குப்பி வெளியே வந்துவிட்டது. அதை இனி எந்தச் சொல்லுக்குள்ளும் திருப்பி ஒளிக்க முடியாது. வீரபாகு தூணைப் பிடித்துக்கொண்டான்.

"முனிக்கு நேந்து வச்சதுங்க. ஒரு சொட்டு நான் தொடல. கொட்டில மட்டும் பிரிக்காதீங்கையா."

சிற்றம்பலம் அவனைப் பார்த்தார். பிறகு வாய்க்கால் பக்கம் பார்த்தார். குப்பியை மூடி அவன் கையிலேயே வைத்தார்.

"சாமிக்கெண்டால் சாமிக்கு. நீர் உம்மடைபாட்டுக்கு இரும். மூலைக் காணிக் கதையை வெளியில ஒருத்தரோடையும் கதைக்க வேண்டாம், என்ன? போய் அந்த லாக்கடையைக் கொண்டு வாரும்."

அவன் ஓடிப்போய்க் கொண்டு வந்தான். கட்டி விளக்கில் இளகி ஓட்டைக்குள் இறங்கியது. குஞ்சத்தை அழுத்தி, ஆறும்வரை பெருவிரலால் பிடித்திருந்தார் சிற்றம்பலம். "இனிச் சுடுதண்ணியில வைக்காதையும், இளகிப்போடும்."

அன்றிரவு வீரபாகு வீரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னான்.

"தொரத்தலையே, அப்புறம் என்ன?"

"அதான்டி பயமா இருக்கு. தொரத்தாத மொதலாளிக்கு என்னமோ வேணும்."

அடுத்த வருசம் அந்த வாய்க்காலைத் திருத்த வந்த நில அளவைக்காரர்கள் சங்கிலி பிடித்துக் கல் நாட்டினார்கள். மேற்கு மூலை சிற்றம்பலத்தின் காணிக்குள் விழவே இல்லை. அது வாய்க்காலுக்கென்று விட்ட அரசாங்க நிலம். அங்கே ஒருத்தரை இருத்தவோ எழுப்பவோ அவருக்கு ஒரு நாளும் உரிமை இருந்ததில்லை. இது அவருக்கு முதலே தெரியும் என்று விமலேஸ்வரி பிறகொரு நாள் வீரம்மாவிடம் சொன்னா. விடிந்தால் கண்ணாடிக்குள் பாதையையே பார்த்து நிற்கும் வீரபாகு எல்லாவற்றையும் அறிந்துவிட்டான், காணிக் கந்தோரில் போய்ச் சொல்லப்போகிறான் என்ற பயத்தில்தான் பிரசு இறுக்கிக் கொடுத்ததுபோல அவனுக்கு ஏதாவது நல்லது செய்துவைக்க அந்த மனிதர் வழி தேடிக்கொண்டிருந்தாராம்.