புள்ளி கூடக்கூட

பச்சைத் தேயிலை விலை விழுந்து கிடந்த வருடம். கோத்தகிரியில் என் டிவி கடைக்கு வந்தவர்கள் எல்லாம் விலையைக் கேட்டுவிட்டு, தீபாவளித் தள்ளுபடி வரட்டும் என்று போய்விடுவார்கள். ஒரு பெரியவரும் அப்படித்தான் பலமுறை வந்துபோனார். குரங்குக் குல்லாய், காக்கி ஸ்வெட்டர். திரைக்கு முன்னால் நின்று மப்ளர் நுனியால் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருப்பார்.

"ஹெச்டின்னா என்னங்க?"

"படம் முழுக்கப் புள்ளிங்க. புள்ளி கூடக்கூடத் தூரத்துல இருக்கறதும் தெளிவாத் தெரியும்."

தீபாவளிக்கு விலை இறங்கியதும் வாங்கவே வந்தார். அந்தக் கோடையில் எங்கள் பக்கத்து மலைகளில் எடுத்த படத்தைப் பெரிய ஹெச்டி டிவியில் ஓடவிட்டேன். மூடுபனி, தேயிலைச் சரிவு. மூக்கு திரையில் இடிக்கும் அளவுக்கு அவர் நெருங்கினார்.

"இது எங்க எஸ்டேட்டுங்க. மூடிப் பல வருசமாச்சு. அங்க இருக்கறது வாட்ச்மேன் நான் ஒருத்தன்தானுங்க."

அவர் விரல் வைத்த இடத்தில், பனிக்குள், முதுகில் கூடையோடு ஒரு பெண் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள்.

மூலையில் இருந்த பழைய பிக்சர் டியூப் டிவியிலும் அதே படம்தான் ஓடியது. அதில் வெறும் பனி.

"இதுல காடு காலியா இருக்குதுங்க," என்றார் பழைய டிவியைக் காட்டி. "நான் அங்கதானுங்க தங்கோணும். இதையே குடுங்க."

அதன் பிறகு அவர் வரவில்லை. ஹெச்டி டிவியை எவ்வளவு தூரத்திலிருந்து பார்க்க வேண்டும் என்று கேட்கிறவர்களிடம், முடிந்தவரை தள்ளி உட்காருங்கள் என்கிறேன். கண்ணுக்காகச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.